கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்

எங்கள் பெரியப்பா கோயிலுக்குள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. பெரியம்மாவை டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். கேட்டில் இறக்கிவிட்டு எதிரே இருக்கும் வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றரை மணி நேரம். ஒலிபெருக்கியில் ஆராதனை முழுக்கக் கேட்கும். ஆசீர்வாதம் முடிந்து சனம் வெளியே வரும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்.

சின்ன வயதில் அவரை நாங்கள் ‘பின்மாற்றக்காரர்’ என்று சொல்லிப் பழகியிருந்தோம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அது சாதாரணமாகப் புழங்கும் சொல். விசுவாசத்திலிருந்து பின்னால் போனவர் என்று அர்த்தம். ஏன் பின்னால் போனார் என்று யாரும் கேட்பதில்லை. காரணம் பிரசங்கத்திலேயே தயாராக இருக்கும்: உலக ஆசை, குடி, சினிமா, அதிகப் படிப்பு, திராவிடக் கட்சி. பெரியப்பா குடிக்கமாட்டார். எட்டாம் கிளாஸோடு நிறுத்தியவர். கட்சி எதிலும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் ஆச்சி இறந்தபோது வீட்டுக்குச் சில வருஷத்துச் சங்கக் காணிக்கை பாக்கி இருந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சபைக்குக் கட்ட வேண்டிய தொகை அது. அதற்கு முந்தைய வருஷம் திருமண்டலத் தேர்தலில் பெரியப்பா வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். கல்லறைத் தோட்டத்துச் சாவி வரவில்லை. மதியம் ஆகி, சாயங்காலமும் ஆகிவிட்டது. பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார்கள். ரசீது எழுதி முடித்த பிறகுதான் சாவு மணி அடித்தார்கள். அடக்கம் முடிந்ததும் பெரியப்பா கல்லறைத் தோட்டத்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு பாலத்தில் உட்கார்ந்தார்.

விசுவாசிகள் ஏன் சபையை விட்டு விலகுகிறார்கள், அப்புறம் ஏன் கடவுளையும் விட்டு விலகுகிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அந்தப் பாலத்திலிருந்துதான். ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் டார்வின், பைபிள் ஆராய்ச்சி, அறிவியல் என்று போகும். நம் ஊரில் அப்படியில்லை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் முந்நூறு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினால் ஆதியாகமத்தில் ஏழு நாளா எழுபது கோடி வருஷமா என்று சண்டை போட்டு வெளியே போனவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். உட்காரும் இடம், புதைக்கும் இடம், மரியாதை, பாட்டு, இவற்றுக்காகத்தான் போயிருக்கிறார்கள்.

1745ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் மே 14 அன்று நெல்லைச் சீமையின் தென்கோடியில் இருக்கும் வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பிறகு கைதாகிச் சித்திரவதைப்பட்டு 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதே 1745, அக்டோபர் மாதம். புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்ற சாதியார். பறையர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, இது என்ன பேதம் என்று கேட்கிறார்கள். பாதிரியார் சுவரை இடிக்கச் சொல்லிவிடுகிறார். உடனே மறுபக்கத்தில் கொந்தளிப்பு. நகையும் மஸ்லினும் வாசனையுமாகப் பூசைக்கு வந்த ஒரு முதலியார் வீட்டுப் பெண்ணைப் பாதிரியார் கடிந்துகொண்டதும் சேர்ந்துகொள்கிறது. இனி இந்தக் கோயிலுக்கு வரமாட்டோம் என்கிறார்கள். விஷயம் கவர்னர் துய்ப்ளே வரை போகிறது.

பிள்ளை இந்து. அதனால் வேடிக்கை பார்ப்பவரின் சாவகாசத்தோடு எழுதுகிறார். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சபையை விட்டுப் போகிறோம் என்று நம் வரலாற்றில் உரக்கச் சொல்லிப் பதிவானவர்களில் பலர், சுவர் இருந்ததற்காகப் போனவர்கள் அல்ல. சுவர் போய்விட்டதே என்று போனவர்கள்.

அந்தச் சுவர் யாரோ ஒரு பாதிரியின் கிறுக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே இயேசு சபையார் சாதி வழக்கத்தோடு அனுசரித்துப் போனார்கள். 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அதில், நோயாளிகளான பறையர்களின் வீட்டுக்குள் குருமார் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பகுதி. மிஷனரிகள் நாற்பது வருஷம் அதோடு மல்லுக்கட்டினார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் சர்ச்சையை முடித்துவைத்தபோது கிடைத்த வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருமார். சாகக் கிடக்கிறவன் வீட்டு வாசற்படியைத் தாண்டலாமா கூடாதா என்று ரோமாபுரி வரைக்கும் காகிதம் போய் வந்திருக்கிறது. அந்த நாற்பது வருஷத்தில் செத்துப்போன பறையர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

புராட்டஸ்டண்ட் பக்கம் கதை கொஞ்சம் வேறு மாதிரி. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளைப் பாடாத தமிழ்ச் சபை இன்றைக்கும் இல்லை. சரபோஜி மன்னரின் சிநேகிதர், பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். அவரே 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். அவர்கள் செய்யும் கொடுமைகள் என்று நான்கைச் சொன்னார்: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதி பார்க்காமல் ஒன்றாக உட்காரச் சொன்னது, கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கக்கூடாது என்றது, தமிழ்ப் பாட்டை ஒதுக்கியது.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் படிக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. பூவுக்கும் பாட்டுக்கும் அவர் பக்கம் நின்றுகொண்டு கைதட்டலாம். மொழிபெயர்ப்புக்குக்கூட நிற்கலாம். செவிக்குப் பழகிய வசனம் ஒருநாள் காலையில் வேறு வார்த்தையில் வந்தால் விசுவாசிக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்று, என் பக்கத்தில் பறையன் உட்காரக்கூடாது என்பது. அவருக்கு நான்கும் ஒரே தரம்தான். வெளியூரிலிருந்து வந்தவன் என் வீட்டுக்குள் புகுந்து சாமானை இடம் மாற்றுகிறான் என்ற ஒரே கோபம். அவமானப்பட்டவனின் கோபமும் அதிகாரம் போனவனின் கோபமும் ஒரே வார்த்தைகளில்தான் பேசும் போலிருக்கிறது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இனி அடியோடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர், வேப்பேரி சபைகள் உடைந்தன. 1840இல் ஜெர்மனியிலிருந்து லூத்தரன் மிஷனரிகள் மறுபடி வந்தபோது, அவர்கள் சாதி விஷயத்தில் கொஞ்சம் கண்டும் காணாமலும் இருப்பவர்கள் என்று தெரிந்து வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கர்த்தர் அதே கர்த்தர். பெஞ்சுதான் வேறே.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரம். அங்கே இன்றைக்கும் சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்கிற ஒரு சபை இருக்கிறது. இந்து கிறிஸ்தவ ஏக இரட்சகர் சபை. அதைத் தொடங்கியவர் அருமைநாயகம், எல்லோரும் சட்டாம்பிள்ளை என்பார்கள். சாயர்புரத்தில் ஜி.யு. போப்பிடம் படித்தவர். எஸ்.பி.ஜி. மிஷனில் வேலை பார்த்து, மிஷனரியோடு முட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டவர். அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் காணிக்கை தருகிறவர்களுக்காக எழுதப்பட்டது. பனையேறிகள், பேயைக் கும்பிடுகிறவர்கள், புத்தி மட்டானவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்ற மாதிரி அதில் இருக்கும். தாம் ஞானஸ்நானம் கொடுத்த சனங்களைப் பற்றி அவர் எழுதியது இது. அந்தச் சனங்களின் பிள்ளைகள் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷ் படித்து இதை ஒருநாள் வாசிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாசித்தார்கள்.

கால்டுவெல் மேல் எனக்கு மரியாதை உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. அவ்வளவுதான்.

1857இல், வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே வருஷம், சட்டாம்பிள்ளை தனிச் சபை கண்டார். வெள்ளைக்கார அங்கி வேண்டாம், வெள்ளைக்காரக் குரு வேண்டாம், புளித்த ஒயின் வேண்டாம். ஞாயிறும் வேண்டாம், வேதத்தில் சனிக்கிழமைதானே இருக்கிறது? இயேசு யூதர், ஆசியாக்காரர், நம்மைப் போலத் தரையில் விழுந்து வணங்கியவர். நடுவில் இங்கிலீஷ்காரன் எதற்கு? முதலூர், நாசரேத் வட்டாரத்தில் பல குடும்பங்கள் மிஷனை விட்டு அவர் பின்னால் போயின. காலப்போக்கில் பலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை.

சட்டாம்பிள்ளை சபையை விட்டார். கடவுளை விடவில்லை. சொல்லப்போனால் கடவுளை மிஷனரி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவருக்குப் படிப்பு இருந்தது, பின்னால் வர ஆள் இருந்தது, கூடி உட்கார ஒரு கூரை போட்டுக்கொள்ள முடிந்தது. அவருக்கு முன்னால் 1835இல் ரேனியஸை சி.எம்.எஸ். சங்கம் விலக்கியபோதும் அப்படித்தான். அவரோடு ஊர் ஊராக ஆட்கள் நின்றார்கள். 1838இல் அவர் பாளையங்கோட்டையில் இறந்த பிறகுதான் பிளவு அடங்கியது. கூட்டமாகப் போனவர்கள் கடவுளைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தனியாகப் போனவன்தான் அவரை உள்ளேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறான். நான் படித்த அளவில் எனக்குத் தட்டுப்பட்டது இது ஒன்றுதான்.

மறுபடி வடக்கன்குளம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில் 1872இல் ஒரு கோயில் எழும்பியது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் இரண்டு கூடங்கள். வெள்ளாளர், முதலியார் வகையறாவுக்கு ஒன்று, நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒன்று. மேலே சேர்ந்து கீழே இரண்டாகப் பிரிவதால் கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பேர். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்துக்காரனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. கட்டடக்கலையில் இதைவிட நேர்மையான கோயில் தமிழ்நாட்டில் உண்டா என்று எனக்குச் சந்தேகம். மற்ற இடங்களில் மனசுக்குள் இருந்ததை இங்கே சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிவிட்டார்கள்.

1910இல் கவுசானல் அடிகளார் அந்தத் தடுப்பை எடுத்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. மைக்கேல் பிள்ளை எதிர் பிஷப் பார்த் என்ற பேரில் அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ புத்தகத்தில் இந்த ஊரின் கதையைத் தோண்டி எடுத்திருக்கிறார். படிக்க வேண்டிய புத்தகம்.

அதைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் பெருமையாகத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். சுவருக்கு எதிராக நின்ற பக்கம் நம்ம பக்கம் அல்லவா? பிறகு ஒருநாள் எங்கள் ஊர்க் கோயிலுக்கு இருநூறடி தூரத்தில் இருக்கும் இன்னொரு சின்னக் கோயில் ஞாபகம் வந்தது. அதே மண்டலம், அதே ஐயர் இரண்டு இடத்திலும் ஆராதனை நடத்துவார். அது தெற்குத் தெருக்காரர்களின் கோயில். அசனப் பண்டிகைக்கு அவர்கள் அரிசி தருவார்கள். பந்தியில் நான் அவர்களைப் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டமும் வேறு. எங்கள் ஊரில் சுவர் கட்டத் தேவை வரவில்லை. இருநூறடி போதுமானதாக இருந்தது.

பெரியப்பாவுக்கு ஒரு நாள் சாவி தரவில்லை. அவர் முப்பது வருஷம் உள்ளே போகவில்லை. தெற்குத் தெருவுக்கு அந்தத் தோட்டத்தின் சாவி என்றைக்குமே கிடையாது. அவர்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள். எது அதிகம் புண்படுத்தும் என்று எடை போட எனக்குத் தெரியவில்லை. ஆனால் விலகிப்போகிறேன் என்று சொல்வதற்கே முதலில் உள்ளே ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் புரிகிறது.

விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008இல் நடந்ததும் அதுதான். தலித் கத்தோலிக்கர்கள் சபையை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை. எங்கள் கோயிலைத் தனிப் பங்காக ஆக்கித் தாருங்கள், அங்கே நாங்கள் மரியாதையாகக் கும்பிட்டுக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. மார்ச் 9 அன்று வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதா.

இன்னொரு விலகல் இருக்கிறது. அதைக் கோயில் வாசலில் பார்க்க முடியாது, தாலுகா ஆபீஸில்தான் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். அதனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் அப்படித்தான். சர்ட்டிபிகேட்டில் இந்து. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் டெனர் பாடுவான். வேலை கிடைத்த பிறகு, யாராவது போட்டோ எடுத்து மேலிடத்துக்குப் போட்டுவிடுவார்களோ என்று பாடகர் குழுவை விட்டான். அப்புறம் பின்வரிசைக்குப் போனான். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஒருநாள் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மொதல்ல பயத்துல போவல மக்கா. பொறவு பழகிட்டு. இப்போ போவணும்னே தோணல.”

அவனுடைய கடவுள் எந்த ஞாயிற்றுக்கிழமை போனார் என்று அவனுக்கே தெரியாது. இது எந்தச் சபைப் பதிவேட்டிலும் ஏறாது. மிஷனரிகளின் கடிதங்களில் பிளவுகள் இருக்கும், வழக்கு இருக்கும், மன்னிப்புக் கடிதம் இருக்கும். இப்படித் தேய்ந்துபோனவர்கள் இருக்க மாட்டார்கள். ஆவணக்காப்பகத்தில் எவ்வளவு நாள் உட்கார்ந்தாலும் கிடைப்பது சத்தம் போட்டவர்களின் வரலாறு மட்டும்தான்.

விலகுகிற எல்லோரும் கடவுளை இழக்கிறார்கள் என்றும் இல்லை. என் சித்தப்பா அதே சாவு வீட்டுச் சண்டைக்குப் பிறகு ஒரு பெந்தெகொஸ்து ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஓடு போட்ட ஷெட், பாய், டிரம் செட், கைதட்டல். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். தென் மாவட்டங்களில் பெரிய சபைகளிலிருந்து இப்படிப் போனவர்கள் ஏராளம். ஐயர்மார் இதை உபதேசப் பிரச்சினையாகப் பேசுவார்கள்: முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா, அந்நிய பாஷை உண்டா இல்லையா. சித்தப்பாவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “அங்க என் பேரச் சொல்லிக் கூப்புடுதாவோ” என்றார். அவருக்குப் போக ஒரு ஷெட் இருந்தது. பெரியப்பாவுக்குக் கைதட்டல் பிடிக்காது. பாமாலை, ஞானப்பாட்டு, ஜெபப் புத்தகம் என்று வளர்ந்தவர். அவருக்கு வேறு இடம் கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நானும் அவரோடு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “ரெண்டாவது சரணத்துல ஆர்கன் முந்துது பாத்தியா” என்றார். வேறொன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

“பெரியப்பா, வீட்ல ஜெபம் பண்ணுவீங்களா?”

“இல்ல.”

“சாப்பிடும்போது?”

“உங்க பெரியம்மை பண்ணுவா. நான் கண்ண மூடிக்கிடுவேன்.”

“கோயிலுக்குள்ள போவலன்னாலும் அவருகிட்டப் பேசலாம்லா? அவருகிட்ட என்ன கோவம்?”

அவர் கோயில் பக்கம் தாடையைக் காட்டினார்.

“அவரு மேல கோவம்லாம் ஒண்ணும் இல்லடே. அவரு உள்ளதான இருக்காரு. உள்ள போவாம எப்பிடிப் பேச?”

ஆசீர்வாதம் முடிந்தது. அவர் எழுந்துபோய் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.